மூடியில் துரு, பொடியில் மணம்

6

அன்று மதியம் பசுபதி வீட்டு கராஜில் இருந்தவர்கள்:

பசுபதி. வீட்டுக்காரர். மென்பொருள் கம்பெனியில் டைரக்டர். அவர் வயதுக்காரர்கள் கோல்ஃப் மட்டையோடு அலையும் ஊரில், சுட்டுப்போட்ட தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, புது வெடிமருந்து அடைத்து, மறுபடி தோட்டாவாக்குவது இவருடைய பொழுதுபோக்கு. முட்டைகூடச் சாப்பிட மாட்டார்.

விசாலாக்ஷி. அவர் மனைவி. அந்தப் பொழுதுபோக்கைப் பற்றி ஒரே ஓர் அபிப்பிராயம் வைத்திருந்து, அதைத் தினமும் சொல்லி வந்தவர். போன மாதத்திலிருந்து சொல்வதை நிறுத்திவிட்டார். வீட்டில் அதுதான் பயமாக இருந்தது.

ஆதிஃப். பல் டாக்டர். பசுபதி அடைத்த தோட்டாவைச் சுட்டபோது ரைஃபிள் கையிலேயே பிளந்துவிட்டது. வலது கை முழங்கை வரை கட்டு. டிரில் பிடிக்கிற கை.

ராமசுப்ரமணியன். பக்கத்து வீட்டுக்காரர். எல்லாருக்கும் ஆறுதல் சொல்ல ஒரு ஜக் மோரோடு வந்தவர்.

சுலைகா. துப்பறிகிறவள். டெக்சாஸ் மாநிலமே லைசென்ஸ் கொடுத்திருக்கிறது. அதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்களை எண்ணிக்கொண்டிருந்தவள் என்பதால், மனித குலத்தின் மேல் பெரிய எதிர்பார்ப்பு கிடையாது.

நவநீத். அவளுடைய உதவியாள். கார் ஓட்டுவதற்கும் போட்டோ எடுப்பதற்கும் சம்பளம். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது இலவசம்.

ஆறு பேருக்கும் நடுவில், வேலை மேஜை மேல், ஒரு பச்சை வெடிமருந்து டப்பா.

ஆகஸ்ட் மாதத்தில் டெக்சாஸின் ஃப்ரிஸ்கோவில் ஒரு கராஜுக்குள் நிற்பது, இட்லிப் பானைக்குள் மீட்டிங் போடுவது மாதிரி. நவநீத்தின் சட்டை முதுகோடு ஒட்டி வெகுநேரம் ஆகிவிட்டது. ஆனால் யாரும் உள்ளே ஏசிக்குப் போகவில்லை. நாலு மணிக்கு ஷெரிஃப் ஆபீஸிலிருந்து டெபுடி என்கிற போலீஸ்காரர் வருவார். பசுபதி ஒரு ஸ்டேட்மென்ட் கொடுப்பார்: கெட்டுப்போன பழைய மருந்தைச் சரியாகப் பார்க்காமல் அடைத்தேன், தப்பு என்னுடையது. கையெழுத்து விழுந்ததும் அது கிரிமினல் கேஸ். கிரிமினல் கேஸ் என்றதும், பாதி ஆயுளை வரிசையில் நின்று தொலைத்து வாங்கிய கிரீன் கார்டை எங்கேயோ ஓர் அதிகாரி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

சுலைகாவைக் கூப்பிட்டது விசாலாக்ஷி. பசுபதி கூப்பிடவில்லை. அவர் ஏற்கெனவே தன்னை விசாரித்து, தீர்ப்பும் சொல்லி முடித்துவிட்டார். அப்பீல் செய்கிற எண்ணமும் இல்லை.

"இந்த டப்பா எங்க கெடச்சுது சார்?" என்றாள் சுலைகா.

"ரெண்டு தெரு தள்ளி ஒரு அமெரிக்கத் தாத்தா செத்துட்டார். அவங்க வீட்ல பழைய சாமான் வித்த கராஜ் சேல்ல ஒரு பெட்டி நிறைய இருந்துச்சு. எல்லாம் இதே பிராண்ட், இதே பச்சை. முப்பது வருஷமாவது இருக்கும்."

"எங்க மாமா கராஜ் சேல்ல டோஸ்டர் வாங்குவார் அங்கிள்," என்றான் நவநீத். "செத்தவரோட வெடிமருந்து வாங்கற அளவுக்கு அவருக்கு டேஸ்ட் பத்தாது."

"பழசுங்கறது பிரச்சனையே இல்ல தம்பி. ஜில்லுனு, ஈரம் படாம வெச்சிருந்தா எத்தனை வருஷம் வேணா தாங்கும்."

"அதனாலதான் டெக்சாஸ் கராஜ்ல வெச்சீங்களாக்கும்."

"உள்ள க்ளாசெட்லதான் வெச்சிருந்தேன்."

"என் பட்டுப்புடவைக்குப் பக்கத்துல," என்றார் விசாலாக்ஷி.

சுலைகா டப்பாவைத் தொடாமல் ஒரு சுற்று சுற்றி வந்தாள். "நல்லதா, கெட்டதா, எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

இந்தக் கேள்விக்குப் பசுபதியிடம் கொஞ்சம் உயிர் வந்தது. "மூக்குதான். நல்ல பவுடர்னா நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி ஒரு வாடை வரும். கெட்டுப்போச்சுன்னா ஆசிட் நெடி, மூக்குல ஏறும். செங்கப்பொடி மாதிரி சிவப்புத் தூசி இருக்கும். அதுலேர்ந்து வர புகை டப்பாவையே அரிச்சுடும். அப்படி இருந்தா அதை வீட்லயே வெக்கக் கூடாது. தானா சூடாகி ஒருநாள் பத்திக்கும்."

"இதை மோந்து பாத்தீங்களா?"

"பாத்தேன். நல்ல வாசனைதான் வந்துச்சு." அவர் தலை குனிந்தது. "ஆனா கோவிட் வந்ததுக்கப்புறம் எனக்கு மூக்கு சரியில்ல மேடம். ரசம் வெச்சாலே பாதி நாள் தெரியாது. கெட்டதை நல்லதுன்னு நெனச்சுட்டேன்."

"ரசத்தைச் சொல்லாதீங்க," என்றார் விசாலாக்ஷி. "அது கோவிட்டுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியாது."

ராமசுப்ரமணியன் பெருமூச்சு விட்டார். "பசு, போனது போச்சு. நேர்மையா சொல்லிட்டா இந்த ஊர்ல பெருசா ஒண்ணும் பண்ண மாட்டான். கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு."

"யோவ், எனக்கு விரல்ல உணர்ச்சியே இல்ல," என்றார் ஆதிஃப். "யாருக்குய்யா நிம்மதி?"

சுலைகா நவநீத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தான வேலை எல்லாம் அவனுக்குத்தான். மூடியைத் திறந்து, தூரத்தில் பிடித்து, கையால் காற்றை விசிறி ஒரு மூச்சு இழுத்தான்.

"பியூட்டி பார்லர்," என்றான்.

விசாலாக்ஷி முகர்ந்தார். "நெயில் பாலிஷ் ரிமூவரேதான்."

ஆதிஃபும் இடது கையால் டப்பாவை வாங்கி முகர்ந்துவிட்டு ஆமாம் என்று தலையசைத்தார்.

"ஆக, சார் மூக்கு பாஸ்," என்றாள் சுலைகா. "பவுடர் கெடவே இல்ல. நவநீத், அந்த மூடியைத் திருப்பு."

திருப்பினான். வெளியே புதுப் பெயின்ட் மாதிரி பளபளத்த மூடி, உட்பக்கம் முழுக்கத் துரு. வட்டமாக அரித்து, விளிம்பில் செந்தூள் படிந்து, பழைய தண்ணீர்த் தொட்டியின் அடி மாதிரி இருந்தது.

"பழைய டப்பா, துரு பிடிக்காம என்ன பண்ணும்," என்றார் ராமசுப்ரமணியன்.

"துரு வெளியேருந்து உள்ள வரும் சார். இது உள்ளேயே பொறந்து உள்ளேயே வளந்திருக்கு." சுலைகா இப்போதுதான் டப்பாவைக் கையில் எடுத்தாள். "டப்பா ஒரு கதை சொல்லுது, உள்ள இருக்கறது வேற கதை சொல்லுது. இந்த டப்பாக்குள்ள ஒரு பவுடர் அழுகிச் செத்திருக்கு. ஆனா இப்ப உள்ள இருக்கறது ஜம்முனு உயிரோட இருக்கு. அப்ப இது அது இல்ல. யாரோ மாத்தியிருக்காங்க."

நவநீத்தின் கையிலிருந்து மூடியை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க மூக்கை வெச்சுப் பாத்தீங்க. மூடியைத் திருப்பிப் பாக்கல," என்றாள் பசுபதியிடம். "வாசனை உயிர் இருக்கா இல்லையான்னுதான் சொல்லும் சார். பேர் சொல்லாது."

பசுபதியின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. "உருண்டை பவுடர் எல்லாமே பாக்க கசகசா மாதிரிதான் இருக்கும். பிஸ்டலுக்கு ஒண்ணு இருக்கு, ரொம்ப வேகமா எரியும். அதைத் தெரியாம ரைஃபிள் அளவுக்கு அடைச்சா..."

"முடிக்க வேணாம்," என்றார் ஆதிஃப். "முடிவு எனக்குத் தெரியும்."

"ஷெரிஃப் லேப்ல டெஸ்ட் பண்ணா தெரிஞ்சுடும் இல்ல?" என்றார் விசாலாக்ஷி.

"ரிசல்ட் வர தீபாவளி ஆகும் அக்கா. வந்தாலும் என்ன சொல்லும்? தப்பான பவுடர்னு சொல்லும். அடைச்சது யாருன்னு கேப்பாங்க. உங்க வீட்டுக்காரர் ஸ்கூல் பையன் மாதிரி கையைத் தூக்குவார்." சுலைகா மூடியை மேஜையில் வைத்தாள். "லேபை விடுங்க. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். இந்த டப்பால செத்த பவுடர் எங்க போச்சு?"

பசுபதி யோசித்தார். யோசிக்க யோசிக்க நெற்றி சுருங்கியது. "பெட்டில ஒரே ஒரு டப்பா கெட்டிருந்துச்சு. திறந்தவுடனே நெடி. அதை வெளிய ஏசி யூனிட் பக்கத்துல கொண்டுபோய் வெச்சேன். அப்புறம் காணோம். இவ தூக்கிப் போட்டிருப்பான்னு விட்டுட்டேன்."

"நான் எங்க தூக்கிப் போட்டேன்? நீங்க போட்டிருப்பீங்கன்னு நான் விட்டுட்டேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணம் என்பது இதுதான் என்று நவநீத் மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

"கெட்டதை எப்படி ஒழிச்சுக் கட்டணும்?" என்றாள் சுலைகா.

"புல்லு மேல மெலிசா தூவி விடணும். மழைல கரைஞ்சு உரமாயிடும். நைட்ரஜன் இருக்கு இல்ல."

"உரம்," என்றாள் சுலைகா. அந்த ஒரு வார்த்தையை வாயில் போட்டு மென்றாள். "நவநீத், ஒரு ரவுண்டு போயிட்டு வா. தெருல எல்லாம் காஞ்சு கெடக்கு. எது காயாம இருக்குன்னு பாத்துட்டு வா."

"இந்த வெயில்லயா அக்கா? நானே காஞ்சுடுவேன்."

"மோர் குடிச்சுட்டுப் போப்பா," என்றார் ராமசுப்ரமணியன். டம்ளரை அவரே நீட்டினார். பெருங்காயம், இஞ்சி, கிள்ளிப்போட்ட கறிவேப்பிலை. நல்ல மோர். நவநீத் ரெண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தான்.

வெளியே தெரு ஒரு பெரிய அப்பளம் மாதிரி பொரிந்து கிடந்தது. வாரத்துக்கு ஒருமுறைதான் தண்ணீர் விடலாம் என்று ஊர் உத்தரவு. வரிசையாக அரை மில்லியன் டாலர் வீடுகள், வரிசையாகச் செத்த புல். எல்லாரும் சமமாகக் காய்ந்திருந்தார்கள். அமெரிக்காவில் சமத்துவம் வந்தது அந்த ஒரு விஷயத்தில்தான். நவநீத் நாலு வீட்டு முன்வாசலைப் பார்த்தான். ஒரு வீட்டில் பிளாஸ்டிக் ஃபிளமிங்கோ மட்டும் செழிப்பாக இருந்தது.

திரும்பி வரும்போது, பசுபதி வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவிலிருந்த மரவேலியில் ஒரு பலகை பெயர்ந்திருந்த இடத்தில் நின்றான். சந்து வழியாக அந்தப் பக்கம் பச்சையாக ஏதோ அசைந்தது.

கறிவேப்பிலை. பெரிய நீல டிரம்மில், ஆள் உயரத்துக்கு. இந்த ஊரில் கறிவேப்பிலை வளர்க்கிறவர்கள் அதைக் குளிர்காலத்தில் உள்ளே தூக்கி வைத்து, ஹீட்டர் போட்டு, பிள்ளையைப் படிக்க வைப்பது மாதிரி வளர்ப்பார்கள். அப்படியும் அது நாலு கொத்தோடு நோஞ்சானாக நிற்கும். இது அப்படி இல்லை. கரும்பச்சையாக, எண்ணெய் தடவின மாதிரி, இலைக்கு மேல் இலை தள்ளி நின்றது. தெருவே பட்டினி கிடக்க, ஒரே ஒருத்தன் மட்டும் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்து நிற்பது மாதிரி.

பலகையை ஒதுக்கிக் கை விட்டால் டிரம்முக்கு எட்டியது. மண் மேல் கருப்பாகப் பொடிப்பொடியாக உருண்டைகள். கசகசா. ஊடே செந்தூள். ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே கொண்டுபோனதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நெயில் பாலிஷ் இல்லை. ஸ்கூல் லேபில் எவனோ பாட்டிலைப் போட்டு உடைத்த நாளின் நெடி.

தடயத்தைச் சேகரிக்கத் துப்பறிவாளர்கள் கண்ணாடிக் குப்பி வைத்திருப்பார்கள் என்று அவன் படித்திருக்கிறான். அவனிடம் இருந்தது தெருக்கோடிக் கம்பத்திலிருந்து உருவின, நாய் அசிங்கம் அள்ளுகிற இலவசப் பை. அதில் அந்த மண்ணை அள்ளி, கூடவே ஒரு கொத்தும் ஒடித்துப் போட்டுக்கொண்டான். போட்டோவும் எடுத்தான்.

கராஜுக்குள் நுழையும்போது ஆதிஃப் பேசிக்கொண்டிருந்தார். சுலைகா அவரை விபத்து நடந்த நாளுக்குக் கூட்டிப் போயிருந்தாள்.

"முதல் ரவுண்ட் எப்பவும் பசுபதிதான் சுடுவார். தன் தோட்டாவைத் தானே டெஸ்ட் பண்ணிட்டுத்தான் அடுத்தவருக்குக் குடுப்பார். அன்னிக்கும் அவர்தான் உக்காந்தார். அப்புறம் என்ன தோணுச்சோ, இன்னிக்கு உங்க பர்த்டே டாக்டர், முதல்ல நீங்கன்னு எந்திரிச்சுட்டார். நான் வேணாம்னேன், அவர் விடல. நம்ம ஆளுங்களுக்கு முதல்ல நீங்க முதல்ல நீங்கன்னு சொல்லிச் சொல்லியே ட்ரெயின் போயிடும். எனக்குக் கை போச்சு."

"ராமசுப்ரமணியன் சாரும் சுடற ரேஞ்சுக்கு வந்திருந்தாரா?"

"வராம இருப்பாரா? எங்க கோச்சே அவர்தான். தோள் மேலயே நின்னு, மூச்சைப் புடி, மூச்சை விடுன்னு உயிரை எடுப்பார். அன்னிக்கு கார்லேர்ந்து மோர் எடுத்துட்டு வரேன்னு போனவர், சத்தம் கேட்டு ஓடி வந்தார். அவர்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதும்."

நவநீத் பையை மேஜைக்கு அடியில் சுலைகாவின் கையில் திணித்தான். "பக்கத்து வீடு," என்று வாயசைத்தான். அவள் குனிந்து பார்த்தாள். முகர்ந்தாள். பிறகு நிமிர்ந்து சிரித்தாள்.

நவநீத் ஓர் அடி பின்னால் நகர்ந்தான். அவளிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு இனிமையாகச் சிரித்து அவன் பார்த்தது இரண்டு தரம். இரண்டு தரமும் யாராவது ஒருத்தர் ஜெயிலுக்குப் போனார்கள்.

"எல்லாரும் டென்ஷனை விடுங்க," என்றாள் சுலைகா. "இதுல கிரிமினலே கிடையாது. நம்ம ஊர்ப் பழக்கம்தான் கிரிமினல். அக்கா, அடுத்த வீட்டு டப்பா உங்ககிட்ட வந்தா, வெறுமையா திருப்பிக் குடுப்பீங்களா?"

"ச்சே," என்றார் விசாலாக்ஷி. "ஒரு பிடி சக்கரையாவது போட்டுத்தான் குடுப்பேன்."

"அதேதான். வெளிய கெடந்த கெட்ட பவுடர் வீணாப் போகுதேன்னு யாரோ செடிக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க. வெறும் டப்பாவைத் திருப்பி வெக்க மனசு வரல. கடைக்குப் போய் புதுசா வாங்கி ரொப்பி வெச்சுட்டாங்க. எந்தப் பவுடர்னு அவங்களுக்கு என்ன தெரியும்? மரியாதை பண்ணப் போய் வந்த வினை. இதையே டெபுடிகிட்ட சொல்லிட்டா ஆக்ஸிடென்ட்னு எழுதிட்டுப் போயிடுவார். பசுபதி சாரும் கையெழுத்துப் போட வேணாம்."

பையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். வாய் திறந்திருந்தது. கறிவேப்பிலைக் கொத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தராக ராமசுப்ரமணியனைப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் கறிவேப்பிலை என்றால் ஒரே வீடுதான்.

அவர் மோர் ஜக்கைக் கீழே வைத்தார். யோசித்தது கொஞ்ச நேரம்தான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட ராமா. நான்தாம்மா அது. எனக்கு இப்பதான் உறைக்குது. செடிக்குப் போடலாம்னு எடுத்துட்டுப் போனேன். வெறும் டப்பாவை எப்படித் திருப்பி வெக்கறதுன்னு நானே வாங்கி ரொப்பி வெச்சேன். எனக்கு எல்லாம் ஒரே பவுடர்தானே. பசு, டாக்டர், மன்னிச்சுடுங்கப்பா. நல்லது பண்ணப் போய்..."

கராஜே மூச்சு விட்டது. விசாலாக்ஷி சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பசுபதி எழுந்து வந்து நண்பரின் தோளில் கை வைத்தார். "விடுடா. விடு. தெரியாமப் பண்ணது."

"பெரிய மனசு சார் உங்களுக்கு," என்றாள் சுலைகா. "யாரும் ஒத்துக்க மாட்டாங்க. ஒரே ஒரு சின்ன டவுட். கடையில என்ன சொல்லி வாங்கினீங்க?"

"கன் பவுடர் குடுன்னேன்."

"அப்படிக் கேட்டா கடைக்காரன் திருப்பி ஒரு கேள்வி கேப்பான் சார். ரைஃபிளுக்கா, பிஸ்டலுக்கா, எந்த சைஸ்? பதில் சொல்லாம ஒரு டப்பாகூட கவுண்டர் தாண்டாது. நீங்க பிஸ்டல்னு சொல்லியிருக்கீங்க. பசுபதி சார்கிட்ட பிஸ்டலே கிடையாதே."

"அவன் என்ன கேட்டான், நான் என்ன சொன்னேன், யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"சரி, விடுங்க. ரொப்பின டப்பாவை யார் கையில குடுத்தீங்க?"

"வீட்ல யாரும் இல்ல. கராஜ் தொறந்திருந்துச்சு. அது வழியா உள்ள போய் க்ளாசெட்ல மத்த டப்பாவோட வெச்சேன்."

"அப்புறம் சொன்னீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் விசாலாக்ஷி சுவரை விட்டு நகர்ந்து முன்னால் வந்துவிட்டார்.

"ராமு அண்ணா," என்றார் மெதுவாக. "ரெண்டு கொத்து கறிவேப்பிலை குடுத்தாலே மூணு தடவை போன் பண்ணுவீங்களே. வந்துச்சா, வாசனையா இருந்துச்சா, குழம்புல போட்டியான்னு கேப்பீங்களே. காசு குடுத்து ஒரு டப்பா நிறைய வாங்கி வெச்சுட்டு, ஒரு வார்த்தை சொல்லலையா நீங்க?"

நவநீத் தன் பாஸைப் பார்த்தான். அவள் மேஜையில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மீதி வேலையை வீட்டுக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது மாதிரி.

"நம்ம ஆளுங்க மரியாதை பண்ணா ஊரைக் கூட்டிச் சொல்லிட்டுத்தான் பண்ணுவாங்க அங்கிள்," என்றான் நவநீத். "சத்தமில்லாம பண்றது வேற வேலைக்கு."

ஆதிஃப் கட்டுப்போட்ட கையை மடியிலிருந்து தூக்கி மேஜை மேல் வைத்தார். "மோரு," என்றார். "பசுபதி சுட உக்காந்ததும் மோர் எடுக்கப் போனீங்க. நாங்க இடம் மாறினது உங்களுக்குத் தெரியாது. கார்கிட்ட நின்னு, செத்தது அவர்னு நெனச்சுட்டு ஓடி வந்தீங்க. என்னைப் பாத்ததும் உங்க மூஞ்சி போன போக்கை, எனக்காகப் பதறினீங்கன்னு இத்தனை நாளா நெனச்சுட்டிருந்தேன்."

பசுபதியின் கை இன்னும் ராமசுப்ரமணியனின் தோளில்தான் இருந்தது. அதை எடுத்தது ராமசுப்ரமணியன். ஒட்டின பூச்சியை எடுப்பது மாதிரி எடுத்துக் கீழே விட்டார்.

"ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ், ஒரே கார்லதான் போவோம்," என்றார். குரலில் ஆறுதல் எல்லாம் வடிந்திருந்தது. சொன்னது சுலைகாவிடம். "எனக்கு வேலை போன அன்னிக்கும் அவன்தான் ஓட்டினான். பாட்டு போட்டான். கூடவே பாடினான். டோல் ரோட்ல வரும்போது, வீக்எண்ட் புதுசா ஒரு தோசைக் கடை போலாமான்னு கேட்டான். உள்ள போனதும் எச்.ஆர்.ல கூப்ட்டாங்க. என் பேரைக் குடுத்தது அவன். காலைல கார்ல ஏறும்போதே அவனுக்குத் தெரியும்."

"ராமு, ரெண்டு பேர்ல ஒருத்தரைச் சொல்லியே ஆகணும்னு..."

"பேரைச் சொன்னது வேலைடா. பாடினியே, அது என்னது?"

பசுபதியின் உதடு லேசாக அசைந்தது. அவர் அந்தப் பாட்டை ஞாபகப்படுத்திப் பார்க்கிறார் என்று நவநீத்துக்குத் தோன்றியது.

"கிரீன் கார்டு அப்ளிகேஷன் அதோட போச்சு. வேற வேலை கெடச்சு மறுபடி ஆரம்பிக்கறதுக்குள்ள என் பொண்ணு அனன்யாவுக்கு இருபத்தொண்ணு ஆயிடுச்சு. இனிமே அவ என் விசா பேப்பர்ல வர மாட்டாளாம், கிளம்பணுமாம். நாலு வயசுல இங்க வந்த பொண்ணு. இப்ப தாம்பரத்துல எங்க அக்கா வீட்ல உக்காந்துட்டு, ஆட்டோக்காரன்கிட்ட வழி சொல்லத் தெரியாம வெளியவே போறதில்ல. இவன் வாரா வாரம் என்னை ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போய், சியர் அப் ராமுன்னான். இந்தப் பவுடர் எரியற வேகம் எல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்ததே இவன்தான்."

"அவர் மேல கோவம் நியாயம் சார்," என்றாள் சுலைகா. அவள் குரலில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. "டாக்டர் என்ன பாட்டு பாடினார்?"

ராமசுப்ரமணியன் அந்தக் கட்டைப் பார்க்கவில்லை. "இதெல்லாம் நான் சொன்னேன்னு யார் சொல்வா? கோபத்துல பேசினேன்னு சொல்லிடுவேன்."

நவநீத் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மேஜை மேல் வைத்தான். திரையில் சிவப்புப் புள்ளி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. "டெக்சாஸ்ல பேசற ஆளுங்கள்ல ஒருத்தர் சம்மதிச்சா ரெக்கார்ட் பண்ணலாம் அங்கிள். நான் எனக்கே சம்மதம் குடுத்துட்டேன். யோசிச்சுத்தான் குடுத்தேன்."

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல அக்கா," என்று சுலைகாவைப் பார்த்தான். "அந்த நெடி புடிச்ச பவுடரை எங்கயாவது கண்காணாம கொட்டியிருக்கலாமே. தன் வீட்டுச் செடிக்கே போடுவானேன்?"

"கொல்றதுக்கு பிளான் போட்டார். உரத்தை வீணாக்க மனசு வரல," என்றாள் சுலைகா.

வாசல் மணி அடித்தது.

டெபுடி இளைஞர், உயரம், வெயிலில் சிவந்திருந்தார். சுலைகா வெளியே போய்ப் பேசினாள். நவநீத் போனைக் கொடுத்தான், பையைக் கொடுத்தான். பைக்கு என்ன மரியாதை என்பது டெபுடிக்குத் தெரிந்திருந்தது. விரல் நுனியால் வாங்கினார். இரண்டு தரம் ரேடியோவில் பேசினார். டப்பாவை எடுத்துப்போக ஃபயர் டிபார்ட்மென்ட் வரும், அதுவரை யாரும் கராஜ் பக்கம் போக வேண்டாம் என்றார். பசுபதியின் ஸ்டேட்மென்ட்டை இன்றைக்கு வாங்கப் போவதில்லை என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, மிஸ்டர் ராமசுப்ரமணியன் கொஞ்சம் தன்னோடு வர முடியுமா என்று கேட்டார். பெயரைச் சரியாகச் சொல்ல மூன்று தரம் முயன்றார்.

எல்லாரும் வீட்டுக்குள் வந்திருந்தார்கள். ஏசிக் காற்று முகத்தில் அடித்தது. ராமசுப்ரமணியன் வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். பசுபதி சோபாவின் நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி இருந்தார். அவரைக் காப்பாற்றிவிட்டார்கள் என்பதை யாராவது அவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

ராமசுப்ரமணியன் வாசற்படியைத் தாண்டி, வழக்கத்தில் நின்று, திரும்பினார். இந்த மாதிரி வீடுகளில் கிளம்புவது என்பது வாசலில்தான் ஆரம்பிக்கும். செருப்பு மாட்டினதும் ஒரு பேச்சு, படியிறங்கியதும் ஒரு பேச்சு, கார் கதவைப் பிடித்துக்கொண்டு அரை மணி. அவர் முகத்தில் அந்தப் பழைய பழக்கம் தன்னாலே வந்து உட்கார்ந்தது.

"சரிம்மா விசாலம், அப்ப நான் போயிட்டு..."

விசாலாக்ஷி கதவைச் சாத்தினார். டெட்போல்ட் பூட்டைத் திருப்பினார். பிறகு மேலே இருந்த சங்கிலியையும் மாட்டினார்.